எறும்பின் கடி முதல் ஒட்டுப் பசை வரை: பிள்ளைகளின் காயத்தை மூடிய கதை

எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நான் பேசியதை எழுத்தில் தரச் சொல்லி நேயர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மேடையில் நேரம் போதாமல் விட்டுப் போனதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். இந்தத் தலைப்பை நான் தேடிப் போகவில்லை. என் மகன்தான் என் கையில் கொடுத்தான்.

அவனுக்கு ஐந்து வயது. கவட்டையில் குடலிறக்கம். சிறிய அறுவை சிகிச்சைதான், பயப்படாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். அவன் பயந்தது கத்திக்கு அல்ல. என் தாடையில் இருக்கும் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கும் நூல் போடுவாங்களா? பிடுங்கும்போது வலிக்குமா?" என்று கேட்டான்.

அந்தத் தழும்பின் கதை அவனுக்குத் தெரியும். ஏழு வயதில் லயத்துப் படிக்கட்டில் விழுந்து தாடை கிழிந்தது. பக்கத்தில் இருந்த மருந்தகத்தில் மரக்கும் ஊசி போடாமலே நான்கு தையல் போட்டார்கள். அதைக்கூட மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் தையல் பிரித்த நாள்தான் இன்னும் நினைவில் நிற்கிறது. காய்ந்த இரத்தத்தோடு ஒட்டிக்கொண்ட கறுப்பு நூலை ஒருவர் இழுக்க, இருவர் என் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "சின்னப் பிள்ளைதானே, நாளைக்கே மறந்துவிடும்" என்றார் ஒருவர். நான் மறக்கவில்லை.

மகன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போய், ஒரு நீண்ட வரலாற்றைப் படித்தேன். காயத்தை மூட மனிதன் எத்தனை வழி கண்டான் என்பது அதில் ஒரு பாதி. மூடும்போது பிள்ளைக்கு வலிக்குமா என்று கேட்க எத்தனை காலம் எடுத்துக்கொண்டான் என்பது மறு பாதி.

தைப்பதும் ஒட்டுவதும்: இரண்டுமே பழையவை

பசை வைத்துக் காயத்தை மூடுவது நேற்று வந்த நாகரிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1862-ல் எகிப்தின் லக்சரில் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை வாங்கினார். ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்த அந்தச் சுருளில் 48 நோயாளிகளின் விவரங்கள் இருக்கின்றன. புருவத்தில் வெட்டுப்பட்டவருக்குத் தையல் போடச் சொல்கிறது அது. தையல் தளர்ந்தால் இரண்டு துணிப் பட்டைகளால் காயத்தின் இரு கரைகளையும் இழுத்துச் சேர்க்கச் சொல்கிறது. ஊசியா, ஒட்டுப் பட்டையா என்ற கேள்வி அன்றே இருந்திருக்கிறது.

இந்தியாவின் சுஸ்ருத சம்ஹிதை நார், நரம்பு, முடி எனத் தைக்கும் பொருள்களைப் பட்டியலிடுகிறது. கிழிந்த குடலை மூடப் பெரிய எறும்புகளைக் கடிக்க வைத்து, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் விட்டுவிடும் முறையையும் சொல்கிறது. இன்று கம்பிக் கொக்கி போடும் ஸ்டேப்ளர் செய்யும் வேலையை அன்று எறும்பின் தாடை செய்தது. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்டோபா அருகே வாழ்ந்த அரபு அறுவை மருத்துவர் அல் சஹ்ராவியும் எறும்பு முறையைக் குறிப்பிடுகிறார். விலங்குக் குடலிலிருந்து எடுத்த நூலையும் அவர் அறிந்திருந்தார்.

பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் அம்புரோஸ் பாரே என்ற போர்க்கள மருத்துவர் இருந்தார். முகக் காயத்தைத் தைத்தால் தழும்பு விகாரமாகும் என்பதால் அவர் ஒரு தந்திரம் செய்தார். காயத்தின் இருபுறமும் துணியைப் பசையால் ஒட்டினார். பிறகு தோலை விட்டுவிட்டுத் துணிகள் இரண்டையும் சேர்த்துத் தைத்தார். தோலில் ஓர் ஊசித் துளைகூட இல்லை. உலர் தையல் என்று இதற்குப் பெயர்.

நம் வெற்றிலைப் பெட்டிக்குச் சொந்தமான ஒரு செய்தியும் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கறுபட்டார். பிறகு புனே அருகே ஓர் உள்ளூர் வைத்தியர் அவருடைய நெற்றித் தோலை எடுத்து மூக்கைப் புதிதாக அமைத்துக் கொடுத்தார். 1794-ல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதை வெளியிட்டபோது ஐரோப்பிய மருத்துவர்கள் வியந்தார்கள். அந்தத் தோலைப் பிடித்து வைத்தது எது தெரியுமா? தாம்பூலத்தோடு மெல்லும் காசுக்கட்டி! அதைத் தண்ணீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள்.

1847-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் மேனார்ட் என்ற மருத்துவ மாணவர் கொலோடியன் என்ற திரவத்தைக் காயத்தின்மேல் தடவிப் பார்த்தார். வெடிப்பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துச் செய்வது அது. காய்ந்ததும் கண்ணாடித் தாள்போல் தோலைப் பிடித்துக்கொண்டது. இன்றைய பசைக்கு இதைப் பாட்டன் என்று சொல்லலாம்.

கிளாஸ்கோவின் பதினொரு வயதுச் சிறுவன்

இவ்வளவு வழிகள் இருந்தும் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் பலர் ஏன் பிழைக்கவில்லை? மூடிய காயம் சீழ் பிடித்ததுதான் காரணம். அந்தச் சீழுக்குக் கிருமிதான் காரணம் என்பது அன்று மருத்துவர்கள் பலருக்குத் தெரியாது.

1865 ஆகஸ்டு 12-ம் நாள் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனைக் கிளாஸ்கோ அரச மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் காலில் ஏறி எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பது வழக்கம். ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தை மூடினார். நாட்கள் போயின, சீழ் வரவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. லிஸ்டர் 1867-ல் லான்செட் சஞ்சிகையில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளில் இந்தச் சிறுவனின் கால் முதலிடம் பெற்றது. நவீன அறுவை மருத்துவத்தின் வாசலில் நிற்பவன் ஒரு பிள்ளை என்றால் அது மிகையாகாது.

அதோடு லிஸ்டர் நிற்கவில்லை. உடலுக்குள் விட்ட பட்டு நூல் சீழுக்கு இடம் கொடுப்பதைக் கண்டார். ஆட்டுக் குடலிலிருந்து செய்யும் நூலைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்து ஒரு கன்றின் இரத்தக் குழாயைக் கட்டிப் பார்த்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது நூல் இருந்த இடத்தில் உயிருள்ள திசு வளர்ந்திருந்தது. 1869-ல் இதை வெளியிட்டார். அந்த நூலுக்கு ஆங்கிலத்தில் பூனைக் குடல் என்று பொருள்படும் கேட்கட் என்ற பெயர் வழங்கினாலும், பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிள்ளைகளைப் பொறுத்தவரை இது பெரிய திருப்பம். தானாகக் கரையும் நூல் என்றால் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கட் திசுவை உறுத்தும், எப்போது கரையும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் தோலின் மேல்பகுதிக்குப் பட்டும், பின்னாளில் நைலானும்தான் நெடுங்காலம் கோலோச்சின. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட், வெளியே தெரியாமல் தோலுக்கு அடியிலேயே ஓடும் தையலைப் பரப்பினார். இன்று குழந்தை அறுவை மருத்துவர்கள் மிகுதியாகக் கையாளும் முறை அதன் வழிவந்ததே. ரப்பர் கையுறையை அறுவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

ரப்பர் என்றதும் நமக்கு நம் பாட்டன் பூட்டன் நினைவு வரும். 1901-ல் ஜெர்மனியில் லூக்கோபிளாஸ்ட் என்ற ஒட்டுப் பட்டை விற்பனைக்கு வந்தது. ரப்பரையும் துத்தநாக ஆக்சைடையும் கலந்து செய்த பசை அது. பிறகு மலாயா உலகின் முதன்மையான ரப்பர் நாடாயிற்று. விடியற்காலை இருட்டில் நம்மவர்கள் வெட்டிய பாலில் ஒரு துளி, எங்கோ ஒரு பிள்ளையின் காயத்தை மூடிய பட்டையிலும் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

கொக்கியும் புதிய நூலும்

1908-ல் புடாபெஸ்ட் நகரில் ஹூமெர் ஹுல்ட்ல் என்ற மருத்துவர் முதல் அறுவை ஸ்டேப்ளரைப் பயன்படுத்தினார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ! சோவியத் ரஷ்யாவில் அது மேம்பட்டது. 1958-ல் அங்கே போன அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிட்ச் அதைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். ராவிட்ச் குழந்தை அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. கொக்கி போட வினாடிகள் போதும். ஆனால் தோலில் போட்ட கொக்கியைத் திரும்ப எடுக்க வேண்டும். பிள்ளை மறுபடியும் அழ வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் டெக்சான், விக்ரில் என்ற செயற்கைக் கரையும் நூல்கள் வந்தன. கேட்கட்டைக் காட்டிலும் இவை சீராகக் கரைந்தன. 1990-களில் மோனோக்ரில் என்ற வழுவழுப்பான ஒற்றை இழை நூல் சேர்ந்தது. அது இரண்டு மூன்று வாரத்தில் வலிமையை இழந்து, மூன்று நான்கு மாதத்தில் உடலோடு கரைந்துவிடுகிறது. மாட்டுப் பித்த நோய் அச்சத்தால் 2001-ல் ஐரோப்பிய ஒன்றியம் கேட்கட் நூலை ஒதுக்கியது.

துப்பாக்கியில் தொடங்கிய பசை

1942-ல் இரண்டாம் உலகப் போரின் நடுவே, கோடாக் நிறுவனத்தில் ஹேரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார். சயனோஅக்ரிலேட் என்ற பொருள் கிடைத்தது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் எரிச்சலோடு தள்ளி வைத்தார். 1951-ல் அவருடைய குழுவினர் அதை மறுபடி சோதித்தபோது விலையுயர்ந்த ஆய்வுக் கருவியின் கண்ணாடிகள் ஒட்டிக்கொண்டன. அப்போதுதான் அதன் அருமை புரிந்தது. 1958-ல் பசையாகக் கடைக்கு வந்தது.

வியட்நாம் போரில் காயத்தின் இரத்தப் போக்கை நிறுத்த அதைத் தெளித்தார்கள். ஆனால் முதலில் வந்த வகை விரைவில் சிதைந்து திசுவுக்கு நஞ்சானது. அதனால்தான், அன்பர்களே, கடையில் விற்கும் ஒட்டுப் பசையை வீட்டில் பிள்ளையின் காயத்தில் ஒருபோதும் விடக்கூடாது. மூலக்கூறின் வாலை நீட்டி, மெதுவாகச் சிதையும் வகைகளை வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். பியூட்டில் வகை ஐரோப்பாவிலும் கனடாவிலும் புழங்கியது. ஆக்டைல் வகை டெர்மாபாண்ட் என்ற பெயரில் 1998-ல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

வலியை யார் எண்ணினார்கள்?

இப்போது கதையின் மறு பாதிக்கு வருகிறேன். 1846-ல் ஈதர் மயக்கம் வந்துவிட்டது. ஆயினும் 1980-கள் வரை, பிறந்த சிசுவுக்கு வலி சரியாகத் தெரியாது, மயக்க மருந்துதான் ஆபத்து என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. குறைமாதக் குழந்தைகள் பலருக்குத் தசையை அசையாமல் செய்யும் மருந்தை மட்டும் முதன்மையாகக் கொடுத்து அறுவை செய்தார்கள். அசைய முடியாத பிள்ளை அழாது. அழாத பிள்ளைக்கு வலியில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்! படித்தபோது என் கை தானாகத் தாடைக்குப் போனது.

1987-ல் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆனந்த் தம் குழுவினரோடு லான்செட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். வலி நீக்கும் மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கியது, பின்விளைவுகளும் குறைந்தன. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் சிசுக்களுக்கு வலி நீக்கம் வேண்டும் என்று அறிவித்தது.

இந்த மனமாற்றத்துக்குப் பிறகுதான் காயம் மூடும் முறைகளை ஒப்பிட்டவர்கள், தழும்போடு வலியையும் கணக்கில் சேர்த்தார்கள். 1993-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் ஜேம்ஸ் குவின் குழுவினர், முகத்தில் சிறு வெட்டுப்பட்ட 81 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் தையல், மறு பகுதிக்குப் பசை. மூன்று மாதம் கழித்துத் தழும்பைப் படமெடுத்து, யாருக்கு எது போட்டார்கள் என்று தெரியாத மருத்துவரிடம் மதிப்பெண் கேட்டார்கள். தழும்பில் வேறுபாடு இல்லை. பசைக்கு ஏறத்தாழ பாதி நேரமே ஆனது, வலியும் குறைவு.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 2002-ல் சிங்கப்பூர் மருத்துவர்கள் தலைக் காயத்துக்குப் புதிய வழியைச் சோதித்து வெளியிட்டார்கள். காயத்தின் இருபுறத்து முடியையும் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் ஒரு துளிப் பசை. ஊசியும் இல்லை, சிரைத்தலும் இல்லை. வழக்கமான தையலைவிட வலியும் நேரமும் சிக்கலும் குறைந்தன. பாட்டி பின்னல் போட்ட கைவித்தைதான்!

அப்படியானால் பசைதான் வென்றதா?

அவசரப்படக் கூடாது. விழுந்து அடிபட்ட காயம் வேறு, மருத்துவர் கத்தியால் திறந்த காயம் வேறு. 2014-ல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, அறுவைக் காயங்களில் பசையைச் சோதித்த 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக 2,793 பேர். சீழ் பிடிப்பதில் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் காயம் வாய் பிளப்பது தையலில் குறைவு. 43 பேருக்குப் பசைக்குப் பதில் தையல் போட்டால் ஒருவருடைய காயம் பிரியாமல் தப்பும் என்பது அதன் கணக்கு.

காரணம் எளிது. ஆறிய தோல் உடனே பழைய பலம் பெறுவதில்லை. முதல் வாரத்தில் மிகச் சிறு பங்கே திரும்புகிறது. மூன்று மாதமானாலும் ஏறத்தாழ 80 விழுக்காடுதான். முழுப் பலம் என்றுமே வருவதில்லை. பசை ஐந்து முதல் பத்து நாளில் உதிர்ந்துவிடும். குதிக்கும் பிள்ளையின் முழங்காலில் தனிப் பசை நிற்குமா?

ஆகவே இன்று அறுவை மருத்துவர்கள் பலர் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உள்ளே பளுவைத் தாங்கக் கரையும் நூல். மேலே பசையோ மெல்லிய ஒட்டுப் பட்டையோ. பிள்ளைகளின் கிழிந்த காயங்களில் கரையும் நூலையும் நைலானையும் ஒப்பிட்டு 2004-ல் வந்த ஆய்விலும் நாளடைவில் தழும்பு ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருந்தது. தழும்பு சமம் என்றால், பிரிக்க வேண்டிய நூலை ஏன் பிள்ளைக்குப் போட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. பிரிப்பதற்காகவே சில பிள்ளைகளுக்கு இரண்டாம் முறை மயக்கம் கொடுக்க நேர்ந்ததும் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மருத்துவரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் வாய் மூடி நிற்கிறோம். என் அப்பாவும் அப்படித்தான் நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாம் மூன்று கேள்வி கேட்கலாம். இந்தக் காயத்தை எதனால் மூடப் போகிறீர்கள்? திரும்ப எடுக்க வேண்டிய நூலா, கரையும் நூலா? எடுக்க வேண்டுமானால் வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்படுவதில்லை. நைலான்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் அதற்குக் காரணமும் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

பசை போட்டிருந்தால் அதன்மேல் எண்ணெயோ களிம்போ தடவாதீர்கள், பசை கரைந்துவிடும். தண்ணீர் பட்டால் ஒற்றி எடுங்கள், ஊறவிடாதீர்கள். பிள்ளை சுரண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயம் சிவந்து வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, பிரிந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். தழும்பு ஒரு மாதத்தில் சிவந்து தடித்திருந்தால் பதற வேண்டாம். பிள்ளைகளின் தழும்பு வெளுத்துத் தணிய ஓராண்டும் ஆகும், அதற்கு மேலும் ஆகும்.

என் மகனின் கதைக்கு வருகிறேன். அந்த மூன்று கேள்விகளையும் கேட்டேன். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனிடமே பேசினார். "உள்ளுக்குள்ள ஒரு நூல் இருக்கும் தம்பி. அது சீனிபோலக் கரைஞ்சிடும். யாரும் பிடுங்க மாட்டாங்க. மேலே கொஞ்சம் பசை" என்றார். அவன் சற்று யோசித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல தாள் ஒட்டுற பசையா?" என்று கேட்டான். அவர் சிரித்து, "அதைவிடக் கொஞ்சம் விலை அதிகம்" என்றார்.

பத்தாம் நாள் குளிக்கும்போது பசை செதிலாக உதிர்ந்தது. அவன் அதைக் கையில் எடுத்து வந்து என்னிடம் காட்டினான். அழவில்லை. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப யாரும் பிடிச்சுக்க வேண்டியதில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

வேண்டியதில்லை அப்பா, என்றேன்.